மருமகள் ரசத்தின் மேல் நான் போட்ட பழி

மார்பில் இருக்கிற கட்டி புற்றுநோய்தான் என்று டாக்டர் சொன்னபோது நான் அழவில்லை. எழுந்து வெளியே வந்து, ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்த குப்பைக் கூடையில் வாந்தி எடுத்தேன். கூட வந்திருந்த மருமகள் ஜான்சி என் முதுகைத் தடவிக்கொண்டே அழுதாள்.

நான் வாயைத் துடைத்துவிட்டு, "பஸ் ஸ்டாண்டுல தின்ன வடை ஊசிப்போச்சுளா. டாக்டர் பேரைக் கெடுக்காத" என்றேன்.

அவள் அழுகைக்கு நடுவிலேயே சிரித்துவிட்டாள். இந்த நிலைமையிலும் சிரிக்க வைத்துவிட்டேனே என்று எனக்குள் ஒரு பெருமை. அந்தப் பெருமைதான் என்னைக் கெடுத்தது. ஆண்டவர் எனக்குச் செய்த நன்மையைச் சொல்லத்தான் வந்தேன். ஆனால் நான் செய்ததையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் இது பாதிச் சாட்சிதான்.

என் பெயர் அமலோற்பவம். தூத்துக்குடியில் கடலை ஒட்டிய தெருவில் வீடு. தெருவுக்கு நான் அமலி. மார்க்கெட்டில் கருவாடு விற்றே பிள்ளையை வளர்த்தேன். படிப்பு ஏறவில்லை, வாய் மட்டும் நன்றாக ஏறியது. வாங்க வருகிறவர்களைக் கேலி பேசிச் சிரிக்க வைத்தே சரக்கைத் தள்ளிவிடுவேன். மகன் கிங்ஸ்டன் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறான். விடியும் முன் போனால் இருட்டிய பிறகுதான் கரைக்கு வருவான். பேத்தி பள்ளிக்கூடம் போய்விட்டால் பகல் முழுக்க நானும் ஜான்சியும்தான். அவள் புன்னைக்காயல்காரி. அதிகம் பேச மாட்டாள். நான்தான் பேசிக்கொண்டே இருப்பேனே, அவளுக்கு எங்கே இடம்.

முதலில் ஆபரேஷன், பிறகு மருந்து ஏற்றுவது என்று டாக்டர் சொல்லியிருந்தார். "ரத்தம் குறைவா இருக்கு. நல்லாச் சாப்பிட்டு உடம்பத் தேத்திட்டு வாங்க" என்று அனுப்பினார். சாப்பிடுவது ஒரு பெரிய வேலையா என்று நினைத்தேன். அதுதான் முடியவில்லை.

காலையில் கண் விழித்ததும் கொஞ்ச நேரம் நன்றாகத்தான் இருக்கும். அப்புறம் ஞாபகம் வரும். ஞாபகம் வந்ததும் அடிவயிற்றிலிருந்து ஒன்று சுருட்டிக்கொண்டு மேலே வரும். ஆஸ்பத்திரிப் பை ஆணியில் தொங்குவதைப் பார்த்தால் குமட்டும். போன் அடித்தால் குமட்டும். காலமெல்லாம் கருவாட்டுக்குள் கிடந்த மூக்கு இது. பக்கத்து வீட்டில் மீன் கழுவினாலே என்னைத் தூக்கிப் போட்டது.

ஜான்சி வீட்டில் மீன் எடுப்பதை நிறுத்திவிட்டாள். கிங்ஸ்டன் படகிலிருந்து வந்தால் பின்வாசலிலேயே குளித்து, உடுப்பு மாற்றிக்கொண்டுதான் உள்ளே வருவான். கடலுக்குப் போகிற வீட்டில் கடையில் முட்டை வாங்கினோம். பேத்தி தட்டைப் பார்த்துவிட்டு, "இன்னைக்கும் முட்டையாம்மா?" என்று மெதுவாகத்தான் கேட்பாள். எனக்குக் கேட்டுவிடும். அந்தக் கேள்வி வயிற்றில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

நோயைப் பற்றித் தெருவில் மூச்சு விடக்கூடாது என்று மகனிடமும் மருமகளிடமும் சொல்லி வைத்திருந்தேன். "தெரிஞ்சா ஆளாளுக்கு வந்து முகத்தப் பாத்து அழுவாளுவ. எழவு வீட்டுக்கு இப்பவே ஒத்திகை பாக்க எனக்கு நேரமில்ல" என்றேன். அவர்களும் வாயைத் திறக்கவில்லை.

எங்கள் கோவில் பங்கில் பக்கத்துப் பக்கத்து வீடுகள் சேர்ந்து கூடுகிற அன்பியக் கூட்டம் உண்டு. ஒவ்வொரு வீடாகச் சுற்றி வரும். செபமாலை சொல்லி, வேதம் வாசித்து, டீ குடித்துக் கலைவோம். ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் தொடங்கின சமயம் எங்கள் வீட்டு முறை வந்தது. செபம் முடிந்ததும் கூட்டத்தை நடத்துகிற சகாயமேரி என் முகத்தையே பார்த்தாள்.

"என்னக்கா, ஆளே உருகிப் போயிட்டிய. உடம்புக்கு என்ன செய்யுது?"

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். வாய் தானாகத் திறந்தது.

"உடம்புக்கு என்னளா கேடு. எல்லாம் எம் மருமவ கைப்பக்குவந்தான். அவ வைக்கிற ரசத்தக் கொண்டுபோயி கடல்ல ஊத்துனா, மீனெல்லாம் கரையேறி வந்து எங்களப் பிடிச்சுக்கிடுங்கன்னு நிக்கும்."

வீடே சிரித்தது. ஜான்சி டீத் தட்டோடு அடுப்படி வாசலில் நின்றிருந்தாள். அவளும் சிரித்தாள். சிரித்துவிட்டு, தட்டை வைக்க இடம் தேடினாள். மேசை அவளுக்கு நேர் முன்னால்தான் இருந்தது. அதை நான் பார்த்தேன். பார்த்தும் அடுத்த கேலிக்குப் போய்விட்டேன்.

மறுநாளே தெருவில் அது பரவிவிட்டது. கடைக்குப் போனால், "இன்னைக்கி ரசமா ஜான்சி? வலை வேண்டாம்னு உம் மாப்பிள்ளகிட்டச் சொல்லிரு" என்று சிரிக்கிறார்களாம். அவள் வந்து என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. பேத்திதான் சொன்னாள்.

பிறகு அவள் சமையலை மாற்ற ஆரம்பித்தாள். மிளகாயைக் குறைத்தாள். புளியை விட்டாள். தாளிப்பதை நிறுத்தினாள். ஒவ்வொரு நாளும் தட்டை வைத்துவிட்டு என் வாயையே பார்ப்பாள்.

"உப்புக் கூடிப்போச்சா மாமி?"

"உப்பு எங்க இருக்கு, தேடிக் கிடைச்சாத்தான கூடிச்சா குறைஞ்சிச்சான்னு சொல்லலாம்."

சொல்லி முடிப்பதற்குள் வாந்தி வந்துவிடும். எடுத்தது நான். கழுவினது அவள். பழியும் அவளுக்கே. ஒருநாள் முக்குக் கடை அண்ணாச்சியிடம் இட்லி வாங்கி வந்து வைத்தாள். அதுவும் நிற்கவில்லை. "அண்ணாச்சிக்கும் உங் கைராசி ஒட்டிக்கிட்டு போலுக்கு" என்றேன். அன்று அவள் சிரிக்கவில்லை.

ஆபரேஷனுக்கு நாள் குறிக்கப் போனபோது எடை இறங்கியிருந்தது. ரத்தமும் இன்னும் குறைந்திருந்தது. மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர், இப்படி வந்தால் தொட முடியாது என்று தள்ளி வைத்துவிட்டார். ரொம்ப நாள் தள்ளவும் முடியாது, கட்டி காத்திருக்காது என்றும் சொன்னார். இரண்டையும் கேட்டுக்கொண்டு ஜான்சி மருந்து வாங்கப் போனாள். அந்த நேரத்தில் நர்ஸ் பிள்ளை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"உங்களுக்கு இன்னும் மருந்தே ஏத்தல பாட்டி. டெஸ்டுல வயித்துலயும் ஒண்ணும் இல்ல. மனசுல பயம் இருந்தா வயிறு பிரட்டும். அது நிறைய பேருக்கு வரும், தப்பில்ல. டாக்டர் எழுதுன மாத்திரையச் சாப்பாட்டுக்கு முன்ன போடுங்க. கொஞ்சங் கொஞ்சமாச் சாப்பிடுங்க. வீட்டுல யாருகிட்டயாவது மனசு விட்டுப் பேசுங்க."

"பயமா? எனக்கா? ஏம்மா, புயலடிக்கையில கருவாட்டுக் கூடையோட நின்னு யாவாரம் பாத்தவ நான்" என்றேன். அவள் சிரித்துவிட்டுப் போய்விட்டாள்.

திரும்பி வருகிற பஸ்ஸில் ஜான்சி கேட்டாள். "நர்சக்கா தனியா என்ன சொன்னாவ மாமி?"

உண்மை என் நாக்கு நுனியில் இருந்தது. அதைச் சொல்ல எனக்குக் கூச்சம். ஆகவே சொன்னேன்: "சமையக்காரிய மாத்தச் சொன்னாவ."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வீடு வந்து சேரும்வரை திரும்பவில்லை. இதைச் சொல்லும்போது இப்போதும் எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. முன்னால் பேசியதெல்லாம் தெரியாமல் பேசியது என்றாவது சொல்லிக்கொள்ளலாம். இது தெரிந்தே சொன்னது.

ஜான்சி வாங்கி வந்த மாத்திரையை அவளுக்குத் தெரியாமல் தலையணை உறைக்குள் போட்டு வைத்தேன். போட்டால், பயந்தவள் என்று ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடுமே.

செபம் மட்டும் விடவில்லை. மாதா படத்துக்கு முன்னால் முழங்காலில் நிற்பேன். "ஆண்டவரே, ஒரு கவளம் சோறு உள்ள நிக்க வையும். அது மட்டும் நின்னுட்டா மிச்சத்த நான் பாத்துக்கிடுவேன்" என்று கேட்பேன். அவரிடமும் கெத்து. பயம் என்ற சொல்லை அவரிடமும் நான் எடுக்கவில்லை.

தவக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் நன்மை, அதாவது சாமியார் கொடுக்கிற அப்பம், வாங்கினேன். அப்பம் நாக்கில் பட்டதும் வயிறு புரண்டது. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு கோவிலை விட்டு வெளியே ஓடினேன். மணிக்கூண்டுக்குப் பின்னால் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆண்டவருடைய உடலைத் தரையில் கக்கிவிடுவேனோ என்று தலைப்பை இன்னும் இறுக்கிப் பொத்தினேன். "உள்ள இரும், உள்ள இரும்" என்று கெஞ்சி எப்படியோ விழுங்கினேன். அதற்குப் பிறகு நன்மை வாங்கப் போகவில்லை. எல்லாரும் எழுந்து வரிசையில் போகும்போது நான் பெஞ்சிலேயே இருப்பேன்.

எங்கள் ஊரில் ஒருத்தி நன்மைக்குப் போகாமல் உட்கார்ந்தால் எத்தனை கண் பார்க்கும் என்று உங்களுக்குத் தெரியும். யாரோடோ பகை, அதனால்தான் வாங்கவில்லை என்று முடிவு கட்டிவிடுவார்கள். அடுத்த ஞாயிறு ஜான்சியும் எழுந்திருக்கவில்லை. ஒரே பெஞ்சில் மாமியாரும் மருமகளும் குனிந்த தலையோடு உட்கார்ந்திருந்தோம். அவள் ஏன் போகவில்லை என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அவளும் என்னைக் கேட்பாளே.

ஈஸ்டரை ஒட்டி வருகிற பெரிய வாரத்துக்கு முந்தின வாரம். பகல் நேரம். சகாயமேரி இன்னும் மூன்று பெண்களைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

"எக்கா, தப்பா எடுத்துக்கிடாதிய. ஈஸ்டர் வருது. நீங்களும் ஜான்சியும் முகங்கொடுக்காம, நன்மையும் வாங்காம இருக்கிய. ஊரு பேசுதுல்லா. ஒரு குடும்பம் இப்படிக் கிடக்கலாமா?"

"யாருளா முகங்கொடுக்கல?"

"இது என்ன பேச்சு. அவ சமையலப் பத்தி நீங்க சொன்னது தெருவுக்கே தெரியும். அவளும் அன்னைக்கிருந்து ஆளு சரியில்ல. இங்கன எங்க முன்னால ரெண்டு பேரும் கையப் பிடிச்சு சமாதானம் சொல்லிருங்க. அத முடிக்காம நாங்க போக மாட்டோம்."

இல்லாத சண்டைக்குச் சமாதானம் பேச வந்திருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. ஜான்சியும் சிரிப்பாள் என்று அவளைப் பார்த்தேன்.

அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சொளவைக் கீழே வைத்துவிட்டு என் முன்னால் வந்து முழங்காலில் நின்றாள்.

"மாமி, எங்கையில என்ன குத்தமோ எனக்குத் தெரியல. எனக்குத் தெரிஞ்ச மாதிரியெல்லாம் வச்சுப் பாத்துட்டேன். உங்களுக்கு இறங்க மாட்டேங்கு. இந்தக் குத்தத்தோட நன்மை வாங்கவும் எனக்கு மனசு வரல. நான் எங்க அம்மை வீட்டுக்குப் போயிருதேன். இங்கன வேற யாராவது பொங்கிப் போடட்டும். நீங்க சாப்பிடணும் மாமி. சாப்பிட்டாத்தான..."

அதற்கு மேல் சொல்லவில்லை. நோயை வெளியே சொல்லக்கூடாது என்று நான் வாயைக் கட்டியிருந்தேனே. அந்த நேரத்திலும் அதைக் காப்பாற்றினாள். அவள் கேட்டது மன்னிப்பு. அவள் செய்யாததற்கு.

உங்களிடம் மறைக்க மாட்டேன். அப்போதும் எனக்கு ஒரு கேலி தயாராக இருந்தது. போறதுன்னா ரசச் சட்டியையும் எடுத்துட்டுப் போ. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வாந்தி.

ஜான்சி நகரவில்லை. சேலை மடியை விரித்து அப்படியே ஏந்திக்கொண்டாள்.

நான் அந்த மடியைப் பார்த்தேன். வெறும் மஞ்சள் தண்ணீர். காலையிலிருந்து அவள் கொடுத்த எதையும் நான் தின்றிருக்கவில்லை. அதில் அவளுடைய ரசம் ஒரு சொட்டு இல்லை, சோறு ஒரு பருக்கை இல்லை. எல்லாம் என்னுடையது.

"உன் ரசத்துல ஒண்ணும் இல்லளா" என்றேன். குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. "எனக்குப் பயமாயிருக்கு. எனக்குப் புத்துநோய் வந்திருக்கு. அறுத்துப் போடப் போறாவ. செத்துப் போயிருவேனோன்னு பயமாயிருக்கு."

சகாயமேரி நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எக்கா, இத முதல்லயே சொல்லப்பிடாதா?"

"சொன்னா நீ அழுவ."

"இப்பவும் அழத்தான செய்யுதேன்."

ஜான்சி எழுந்து போய்ச் சேலை மாற்றிக்கொண்டு வந்தாள். என் வாயைத் துடைத்துவிட்டாள். பிறகு கேட்டாள். "அப்போ சமையக்காரிய மாத்தச் சொன்னாவன்னது?"

"அது நான் சொன்னது. பயத்துலதான் வாந்தி வருதுன்னு நர்சு சொன்னா. ஒங்கிட்டச் சொல்ல வெக்கமா இருந்துச்சு."

"அந்தப் பஸ்ஸில நான் எப்படி வந்தேன்னு எனக்கே தெரியாது மாமி" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

பெண்கள் என் தலையில் கை வைத்து செபித்தார்கள். அன்றுதான் நானும் சரியாகச் செபித்தேன். "ஆண்டவரே, எனக்குப் பயமாயிருக்கு. இவளுக்கு நான் பண்ணுனது தப்பு. ரெண்டையும் உம்மகிட்டத் தாரேன்." வேறு ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை.

அவர்கள் போன பிறகு, மாத்திரை தலையணை உறைக்குள் கிடப்பதை ஜான்சியிடம் சொன்னேன். அவள் எடுத்து வந்து கொடுத்தாள். கொஞ்ச நேரம் கழித்து ஒரு சின்னக் கிண்ணத்தில் கஞ்சி கொண்டு வந்தாள். என் வாயைப் பார்க்காமல், பக்கத்தில் உட்கார்ந்து அவளும் ஒரு கிண்ணம் குடித்தாள். நான் ஒரு கரண்டி குடித்தேன். இன்னொரு கரண்டி. வயிறு ஒருமுறை அசைந்து பார்த்தது. பிறகு அமைதியாகிவிட்டது.

கஞ்சி உள்ளே நின்றது. நான் அத்தனை நாள் கேட்டது இதுதான்.

ஒரே நாளில் எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொன்னால் அது பொய்ச் சாட்சி. மறுநாளும் வாந்தி எடுத்தேன். அதற்கு அடுத்த நாள் குறைவு. டாக்டரிடம் போய் மாத்திரை போடாமல் ஏமாற்றியதைச் சொன்னோம். அவர் திட்டிவிட்டு, மனநல டாக்டரிடமும் ஒருமுறை அனுப்பினார். குமட்டல் வரும்போது மூச்சை எப்படி மெதுவாக விடுவது என்று அந்த அம்மா சொல்லிக் கொடுத்தார்கள். வருகிறது என்று தெரிந்தால் நான் ஜான்சியைக் கூப்பிடுவேன். "பயம் வருதுளா" என்பேன். வந்து பக்கத்தில் உட்காருவாள். பேசக்கூட மாட்டாள். பாதி நேரம் அதுவே போதும்.

நன்மை வாங்க முடியாத கதையைச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். கக்கிவிடுவேனோ என்று நடுங்கியதையும் சொன்னேன். "மாட்டுத் தொழுவத்துல பொறந்தவரும்மா அவரு. உங்க வாந்திக்கா அருவருப்புப் படப்போறாரு?" என்றார். ஒரு சின்னத் துண்டு போதும், அதிலும் முழு ஆண்டவர்தான், வாங்கினதும் ஒரு வாய் தண்ணீர் குடியுங்கள் என்றார். ஈஸ்டர் பூசையில் வரிசையில் நான் முன்னால் போனேன். ஜான்சி தண்ணீர் பாட்டிலோடு பின்னால் வந்தாள். இரண்டு பேரும் வாங்கினோம். தண்ணீர் கூடத் தேவைப்படவில்லை. சகாயமேரி எங்களைப் பார்த்து, தான் சேர்த்து வைத்த சமாதானம் என்பது போல ஒரு தலையாட்டு ஆட்டினாள். ஆட்டிக்கொள்ளட்டும். அவள் வந்திராவிட்டால் நான் இன்னும் பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்பேன்.

எடை ஏறியது. ரத்தமும் ஏறியது. மீன்பிடித் தடைக்காலத்தில் படகுகள் எல்லாம் கரையில் கட்டிக் கிடந்த நேரம் எனக்கு ஆபரேஷன் நடந்தது. கிங்ஸ்டனும் கூட இருந்தான். நல்லபடியாக முடிந்தது. பிறகு மருந்து ஏற்றினார்கள். அதற்கும் வாந்தி வந்தது. ஆனால் அது மருந்து வாந்தி, யார் மேலும் பழி போட வேண்டியதில்லை. இப்போது வீட்டில் சாளை மீன் குழம்பு வைக்கிறோம். பேத்தி தின்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறேன்.

ஆண்டவர் எனக்குச் சோற்றைத் திருப்பிக் கொடுத்தார். அதற்கு நான் எத்தனை நன்றி சொன்னாலும் போதாது. ஆனால் ஒன்றை மட்டும் என்னால் திருப்பி எடுக்க முடியவில்லை. அடுத்த அன்பியக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் நின்று, ஜான்சி சமையலைப் பற்றி நான் சொன்னது பொய் என்று சொன்னேன். கேட்டுக்கொண்டார்கள். ஆனாலும் போன மாதம் புன்னைக்காயலில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போயிருந்தோம். அவள் பிறந்த ஊர். பந்தியில் யாரோ ஒரு பெண், "ரசம் ஜான்சி வச்சதில்லயே?" என்று சிரித்தாள். என் கேலி எனக்கு முன்னாலேயே அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. எழுந்து அவளிடமும் சொன்னேன், அது நான் கட்டிவிட்ட பொய் என்று. அவள் அதையும் இன்னொரு கேலி என்று நினைத்துச் சிரித்தாள். ஜான்சி, "விடுங்க மாமி" என்று என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். அவள் விட்டுவிட்டாள். என்னைத்தான் அது விடவில்லை. இது எனக்கு இருக்கட்டும் என்று சுமக்கிறேன். வாயைத் திறக்கும் முன் ஒரு நொடி நிற்க இது உதவுகிறது. கேலி பேசுவதை நிறுத்திவிட்டேன் என்று சொல்லவில்லை, அது நடக்காது. இப்போது என்னையே பேசிக்கொள்கிறேன். அதற்கும் சரக்கு நிறைய இருக்கிறது.

அடுத்த வாரம் மறுபடியும் ஸ்கேன். நோய் திரும்பி வந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். எனக்குத் தெரியாது, டாக்டருக்கும் இப்போது தெரியாது. நேற்று அதை நினைத்ததும் வயிறு புரண்டது. அடுப்படிக்குப் போய், "பயமாயிருக்குளா" என்றேன். ஜான்சி கரண்டியை வைத்துவிட்டு, "எனக்குந்தான் மாமி" என்றாள். அவளுக்கும் பயம் இருக்குமா என்று இத்தனை நாளும் நான் கேட்டதே இல்லை.

நீங்கள் யாராவது இப்போது இந்த நோயோடு, இறங்காத சோற்றின் முன்னால் உட்கார்ந்திருந்தால், மாத்திரையைப் போடுங்கள், முழங்காலிலும் நில்லுங்கள். பயமாயிருக்கிறது என்று அவரிடம் அந்தச் சொல்லிலேயே சொல்லுங்கள். அவர் கேட்பார், நான் கண்டேன். ஆனால் அவரிடம் சொன்னதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். எழுந்து போய், உங்களுக்குச் சோறு போடுகிறவளிடமும் சொல்லிவிடுங்கள். அவள் தன்மேல்தான் தப்பு என்று நினைத்துக்கொண்டிருப்பாள்.